சுவிட்சில் ஒரு விரல், வானில் ஒரு விமானம்

ரிமோட் விமானம் வானத்தில் குட்டிக்கரணம் அடிப்பதைக் கீழே நின்று வாய்பிளந்து பார்த்திருப்பீர்கள். அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? என்னை உள்ளே விட்டுவிட்டார்கள்! சத்தம் போடாமல் நீங்களும் கூடவே வாருங்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தரிசு நிலம். விடிந்தும் விடியாத நேரம். வெயில் ஏறினால் காற்றும் ஏறிவிடும், அதற்குள் பாடம் முடிய வேண்டும். பயிற்சியாளரின் கார் டிக்கி திறக்கிறது. அடேயப்பா! கழற்றிய இறக்கை, ஒடிந்த புரொப்பல்லர்கள், ஸ்குரூடிரைவர்கள், ஃபெவிக்விக் குப்பிகள், ரப்பர் பேண்டு மூட்டை. லிப்போ பேட்டரிகளுக்கு மட்டும் தீத்தாங்கும் தனிப் பை. இத்தனைக்கும் நடுவில் ஒரு டிபன் பாக்ஸ். "இட்லியையும் பசையையும் ஒண்ணா வைக்காதேன்னு வீட்ல தினம் திட்டு" என்று சிரிக்கிறார்.

பழகுபவர்களுக்கான விமானம் ஃபோமில் செய்தது. இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும், இரண்டு நுனியும் லேசாக நிமிர்ந்திருக்கும். சாய்ந்தாலும் தானாக நிமிரப் பார்க்கும் சாது. இறக்கையை ரப்பர் பேண்டு போட்டுத்தான் கட்டுகிறார்கள்! எங்காவது மோதினால் இறக்கை ஒடியாமல் கழன்று விழுந்துவிடுமாம். பிறகு இரண்டு விரல் நுனியில் விமானத்தை ஏந்தி எடை சரியாக நிற்கிறதா என்று பார்க்கிறார். மொபைலில் வான்வெளி வரைபடம்: இந்த இடம் பச்சை, 400 அடி வரை பறக்கலாம். கடைசியாக, வால் மடல் சரியாக அசைகிறதா என்று அவர் கேட்க, பழக வந்த மாணவி பார்த்துச் சொல்கிறாள். "எலிவேட்டர்?" "மேலே... கீழே... சரி சார்!"

இப்போதுதான் எனக்குப் பிடித்த ரகசியம். ரேடியோ ஒன்றல்ல, இரண்டு! ஒன்று சாரிடம், ஒன்று மாணவியிடம், நடுவே ஒரு கேபிள். சாரின் ரேடியோவில் ஒரு சுவிட்ச். அதை அவர் விரலால் இழுத்துப் பிடித்திருக்கும் வரை விமானம் மாணவி கையில். விரலை விட்டால் அந்தக் கணமே அவர் கைக்கு வந்துவிடும்.

சார்தான் மேலே ஏற்றுகிறார். "தப்பு பண்றதுக்கும் உயரம் வேணும்மா" என்றபடி நன்றாக உயர்த்தி, சுவிட்சை இழுக்கிறார். மாணவியின் தோள் காதைத் தொடுகிறது. மூச்சே விடவில்லை. போகும்போது ஒழுங்காகப் போன விமானம் நம்மை நோக்கித் திரும்பியதும், அவளுக்கு வலது இடதாகிவிடுகிறது. அவள் நேர்மாறாகத் தள்ள, விமானம் சரிந்து தலைகுப்புற இறங்குகிறது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். சார் விரலை எடுக்கிறார். விமானம் நிமிர்கிறது.

"இப்ப ஃப்ளைட் யாருதும்மா?"

"உங்களுது சார்..."

"இந்தா, மறுபடி எடுத்துக்கோ. நம்மளப் பார்த்து வரும்போது எந்த இறக்கை தாழுதோ, அந்தப் பக்கமா ஸ்டிக்கைத் தள்ளி முட்டுக் கொடு. அவ்ளோதான்."

திட்டு இல்லை, ஒரு 'ச்சே' கூட இல்லை!

ஓரத்தில் இன்னொரு கூத்து. ஒரு பையனின் விமானம் சீமைக்கருவேலத்துக்குள் பாய்ந்துவிட்டது. எந்த மரம் என்று நமக்குத் தெரியாது, ஆடு மேய்க்கும் பெரியவருக்குத் தெரியும். துரட்டியோடு போய் மீட்டு வருகிறார். மூக்கு நசுங்கியிருக்கிறது. ஃபெவிக்விக் இரண்டு சொட்டு, மேலே டேப், ஊதி ஊதிக் காயவைத்தால் முடிந்தது வைத்தியம். "முள்ளுக் குத்துச்சா தம்பி?" என்று பெரியவர் விமானத்தைத் தடவிக் கேட்க, மைதானமே சிரிக்கிறது.

இதற்குள் மாணவி வட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். கோணலான வட்டம், ஆனால் முழுக்க அவளுடையது. நான் விமானத்தை விட்டுவிட்டு சாரின் விரலைப் பார்க்கிறேன். நகம் வெளுத்திருக்கிறது, நெற்றியில் வேர்வை ஓடுகிறது. விமானம் சாயும்போதெல்லாம் விரல் துடிக்கிறது, ஆனாலும் விடுவதில்லை. அவளே சரிசெய்ய இன்னும் ஒரு நொடி கொடுக்கிறார், அப்புறம் இன்னொரு நொடி. தன் கையால் காப்பாற்றுவது அவருக்குச் சுலபம். அவள் கையிலேயே விட்டுவைப்பதற்குத்தான் இத்தனை வேர்வை. பாடம் முழுக்க அந்த ஒற்றை விரலில்தான் இருக்கிறது!

இறக்கும்போதும் அவர் விரலை விடவில்லை. விமானம் குதித்துக் குதித்துப் புழுதி கிளப்பி நிற்கிறது. விசில் பறக்கிறது. மாணவி துள்ளுகிறாள். சார் மரத்துப்போன விரலை உதறிச் சொடக்கு எடுத்துவிட்டு, அடுத்த பேட்டரிக்குக் கை நீட்டுகிறார்.

"ம்... அடுத்து யாரு?"