சப்ளைகோ கடைகளில் 'சபரி': கடைக்காரரே பிராண்டுக்கும் உரிமையாளரானால் என்ன ஆகும்?

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோர ஊர்களில் மளிகை வாங்குவோருக்கு 'சபரி' தேயிலைத் தூள் நன்கு அறிமுகமானது. 1974-ல் தொடங்கப்பட்ட கேரள அரசின் குடிமைப்பொருள் வழங்கல் கழகமான சப்ளைகோ, தனது மாவேலி ஸ்டோர்களில் பெருநிறுவனத் தயாரிப்புகளுடன் இதையும் விற்கிறது. சபரியும் சப்ளைகோவின் பிராண்டுதான்.

எதைக் கண்ணில் படும்படி வைப்பது என்பதைக் கடைக்காரரே தீர்மானிக்கிறார். போட்டியாளரின் சரக்கு எவ்வளவு விற்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். இணைய வணிகத்தில் இதுவே பெரும் சர்ச்சையானது. பிற விற்பனையாளர்களின் வெளியிடப்படாத தரவுகளைத் தனது சில்லறை விற்பனைக்குப் பயன்படுத்துவதில்லை என 2022 டிசம்பரில் அமேசான் அளித்த உறுதிமொழியை ஐரோப்பிய ஆணையம் ஏற்றது. இந்தியாவில், அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் தங்களுக்குப் பங்குள்ள நிறுவனத்தின் சரக்கைத் தங்கள் தளத்தில் விற்க 2019 பிப்ரவரி முதல் தடை உள்ளது. சப்ளைகோ கடைகளுக்கு இவ்விதி பொருந்தாது.

சப்ளைகோவின் நோக்கமும் வேறு. வெளிச்சந்தை விலையைக் கட்டுப்படுத்துவதே அதன் பணி. 2024 மார்ச்சில் அறிமுகமான 'சபரி கே-ரைஸ்' திட்டத்தில் ஜெயா அரிசி கிலோ 29 ரூபாய்க்கும், மட்டை, குறுவை ரகங்கள் 30 ரூபாய்க்கும் அட்டைக்கு மாதம் 5 கிலோ என வழங்கப்பட்டன.

ஆனால் இந்தப் போட்டி கையிருப்பைப் பொறுத்தது. சரக்கு அளிப்போருக்கான நிலுவை பெருகியதால் 2023, 2024-ம் ஆண்டுகளில் பல கடைகளில் மானியப் பொருள்கள் தீர்ந்துபோயின. பருப்பு இல்லையெனத் தனியார் கடைக்குச் செல்பவர் தேயிலை, சோப்பு உள்ளிட்டவற்றையும் அங்கேயே வாங்கிவிடுகிறார்.