கல் வைத்த நகையைக் காப்போம்



அம்மாவின் பதக்கம் ஒன்று என்னிடம் இருக்கின்றது. நடுவில் ஒரு சிவப்புக்கல், சுற்றிவர எட்டு முத்துக்கள். 2006இல் சம்பூரை விட்டு வெளிக்கிட்டபோது சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தது அது ஒன்றைத்தான். வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம் என்று அலைந்த காலமெல்லாம் அது என்னோடு இருந்தது.

2015க்குப் பின் ஊர் திரும்பி, மகளின் கலியாணத்துக்கென அதை வெளியில் எடுத்தேன். அழுக்கேறி மங்கிக் கிடந்தது. குத்துவிளக்கை மினுக்குவது போலப் பழப்புளியில் ஊறப்போட்டு, சாம்பலால் தேய்த்தேன். தங்கம் பளபளத்தது. சிவப்புக்கல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முத்துக்கள் எட்டும் ஒளியிழந்து வெளிறிவிட்டன.

நகை வேலை செய்யும் பத்தர் ஒருவரிடம் காட்டினேன். "அக்கா, முத்தும் சிப்பியும் ஒரே பொருள்தான். புளி பட்டால் கரையும். போன ஒளி இனி வராது" என்றார். அன்று அழுதேன். அவரிடம் கேட்டு அறிந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

எல்லாக் கல்லும் ஒன்றல்ல. கடினத்தை 1 முதல் 10 வரை அளப்பார்கள். வைரம் 10. இரத்தினபுரியில் கிடைக்கும் நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் 9. மீட்டியாகொடையின் சந்திரகாந்தக்கல் 6. முத்தும் பவளமும் 3, 4 அளவுதான். மணலில் உள்ள படிகக்கல் துகள் 7. எங்கள் புல்மோட்டைக் கரை மணலில் அதைவிடக் கடினமான துகள்களும் உண்டு. ஆகவே மணலாலோ சாம்பலாலோ தேய்த்தால் மெல்லிய கற்களில் கீறல் விழும்.

நீலம், சிவப்பு போன்ற உறுதியான கற்களைப் பாத்திரத்தில் எடுத்த இளஞ்சூட்டு நீரில், மென்மையான சவர்க்காரம் சிறிது கலந்து, குழந்தைகளின் பற்தூரிகையால் மெதுவாகக் கழுவலாம். கிணற்றடியிலோ வாய்க்காலோரத்திலோ கழுவ வேண்டாம். கல் கழன்றால் கிடைக்காது. பின்பக்கம் மூடி, அரக்கு வைத்துப் பதித்த பழைய நகைகளை நீரில் அமிழ்த்தக்கூடாது. நீர் உள்ளே போனால் கல் மங்கும். அவற்றையும் முத்து, பவள நகைகளையும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

எண்ணெய், பவுடர், வாசனைத் திரவியம் எல்லாம் பூசிய பிறகே முத்தை அணியுங்கள். வீடு வந்ததும் முதலில் கழற்றுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போடும்போதும், கடலில் இறங்கும்போதும் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். குளோரின் நகையைக் கெடுக்கும்; குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும். ஒவ்வொரு நகையையும் தனித்தனிப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை காதருகே பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது என்று பொருள்; விழுமுன் இறுக்குவியுங்கள்.

அடகு வைக்கும்போது பொதுவாகக் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்கே பணம் தருவார்கள். எத்தனை கல், என்ன நிறம் என்று பற்றுச்சீட்டில் எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். மீட்கும்போது எண்ணிப் பாருங்கள்.

எங்களில் பலருக்கு இருந்த வீடும் இல்லை, புகைப்படமும் இல்லை. மிஞ்சியது ஒரு தோடோ பதக்கமோதான். என் மகள் அந்தப் பதக்கத்தை வெளிறிய முத்துக்களோடேயே அணிந்து மணவறையில் இருந்தாள். புது முத்து மாற்ற அவள் விடவில்லை. உங்கள் கையில் இருப்பதையாவது ஒளி குறையாமல் பிள்ளைகளிடம் கொடுங்கள்.