மேற்கோட்குறி இல்லாத நாட்குறிப்பு

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே துரையின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பில், துரை வினவியதும், தாம் விடை பகர்ந்ததும், வர்த்தகர் முறையிட்டதும் பக்கம் பக்கமாக விரிந்து செல்லுகின்றன. ஆயினும், அக்காலத்துத் தமிழ்க் கையெழுத்தின் வழக்கப்படியே, அந்தச் சம்பாஷணைகளில் ஒன்றுக்கேனும் மேற்கோட்குறி கிடையாது. ‘என்று’ என்னும் சிறு சொல்லே பேச்சு முடிந்ததை அறிவித்துவிட, குறி என ஒன்று வேண்டும் என்ற எண்ணமே நம் முன்னோருக்கு நெடுங்காலம் எழவில்லை.

ஆனால் அச்சொல் பேச்சின் முடிவைக் காட்டுமேயன்றித் தொடக்கத்தைக் காட்டாது. முத்து கந்தன் நான் தந்த பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று சொன்னான் என ஒருவர் எழுதினால், பணம் தந்தவன் முத்துவா, எழுதுகிறவரா? முத்து, “கந்தன் நான் தந்த பணத்தைத் திருப்பித் தரவில்லை” என்று சொன்னான் என எழுதிய மாத்திரத்தில் சந்தேகம் அகன்று, தந்தவன் முத்துவே என்பது தெளிவாகிறது.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) முதலியோர் வசன நூல்களில் நிறுத்தற்குறிகளை வழக்கப்படுத்திய பிறகு, இக்குறியும் நம் எழுத்தில் நிலைபெற்றது. பிரெஞ்சு அச்சில் « » என்னும் கோணக்குறிகளே வழங்கினும், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியிலும் தமிழ் அச்சு ஆங்கில முறையையே கைக்கொண்டது. பேச்சுக்கு இரட்டைக் குறி, அதனுள் வரும் பிறர் பேச்சுக்கு ஒற்றைக் குறி என்பது பொதுவான வழக்கம்.

இம்முறை அறியாது குறி இடுவாரும் உண்டு. எங்கள் கனகசெட்டிக்குளத்துச் சாலையோரத்தில், “சுத்தமான” நல்லெண்ணெய் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அழுத்தம் தரவேண்டி இட்ட குறி, அந்தச் சுத்தம் யாரோ சொன்னது, கடைக்காரர் அதற்குப் பொறுப்பல்லர் என்னும் விபரீதப் பொருளைத் தந்துவிடுகிறது. அழுத்தம் வேண்டுமாயின் எழுத்தைத் தடிப்பாக்கினால் போதும்.

இதனினும் பெரிய தீங்கு பத்திரிகைகளில் நேர்கிறது. ஒருவர் அரை மணி நேரம் பேசியதைத் தம் வாக்கியத்தில் சுருக்கிவிட்டு, அச்சுருக்கத்தைக் குறிகளுக்குள் அடைத்தல், அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் இடுவதேயாகும். பேசியவரின் சொற்கள் உள்ளபடியே கையில் இருந்தாலன்றிக் குறி இடலாகாது. சாரத்தை மட்டும் தருவதாயின், இன்னார் இன்னவாறு கூறியதாகக் குறியின்றி எழுதுவதே நேர்மை. நிருபர்களும் பத்திராதிபர்களும் இந்த ஒரு நியமத்தையேனும் வழுவாது காக்க வேண்டுகிறேன்.