வைக்கோலிலிருந்து மோட்டார் எரிபொருள்

நெல் அறுவடைக்குப்பின் எஞ்சும் வைக்கோலிலிருந்து மோட்டார் எரிபொருள் தயாரிக்க முடியுமா? முடியும் என்பதே விடை. கட்டுப்படியாகும் விலையில் முடியுமா என்பதே ஆராயத்தக்கது.

மும்பை மாட்டுங்காவில் 1933-ஆம் ஆண்டு தோன்றிய இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் இத்துறையில் சிறந்த பணி புரிந்துள்ளது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் அங்கு அமைந்த ஆய்வு மையம் வகுத்த முறைப்படி, உத்தராகண்டத்தின் காசிப்பூரில் நாளொன்றுக்கு 10 டன் பயிர்க்கழிவைப் பக்குவப்படுத்தும் மாதிரி ஆலை 2016-இல் திறக்கப்பெற்றது.

கரும்பாலைக் கழிவுப்பாகில் சர்க்கரை தயாராகவே உள்ளது. ஈஸ்ட் சேர்த்தால் நொதித்து ஆல்கஹால் ஆகிவிடும். வைக்கோலிலோ சர்க்கரை, செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலிகளாகப் பிணைந்துள்ளது. லிக்னின் என்னும் பொருள் அவற்றைச் சாந்துபோல் பற்றி நிற்கிறது. ஆகவே, வைக்கோலை நறுக்கி, அமிலம் அல்லது காரம் சேர்த்துச் சூடேற்றி இப்பிணைப்பைத் தளர்த்துகின்றனர். பின்னர் என்ஸைம்கள் சங்கிலிகளை அறுத்துச் சர்க்கரையாக்குகின்றன. ஹெமிசெல்லுலோஸ் தரும் ஸைலோஸ் என்னும் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் நொதிக்கச் செய்யாது. அதற்குத் தனிவகை ஈஸ்ட் வேண்டும். இறுதியில் ஆல்கஹாலைக் காய்ச்சி வடித்து, எஞ்சிய நீரையும் அகற்றிப் பெட்ரோலுடன் கலக்கின்றனர். மிஞ்சும் லிக்னின் கொதிகலனுக்கு விறகாகும்.

இனி, செலவைக் கவனிப்போம். ஹரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற ஆலைக்கு ரூ. 900 கோடிக்கு மேல் செலவாயிற்று. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் ஆல்கஹால் எடுப்பது அதன் திட்டம். அதாவது, டன் ஒன்றுக்கு 150 லிட்டர். முதலீட்டில் நூற்றுக்குப் பத்து வீதம் ஆண்டுதோறும் ஈடுகட்ட வேண்டுமாயின், அதுவே லிட்டருக்கு 30 ரூபாய் ஆகிறது. வைக்கோல் விலை டன்னுக்கு ஆயிரம் ரூபாய் உயருந்தோறும் லிட்டருக்கு ஏறத்தாழ 7 ரூபாய் கூடும். என்ஸைம், நீராவி, கூலிச் செலவுகள் தனி. மேலும், ஒரு லிட்டர் ஆல்கஹால் தரும் வெப்பம் பெட்ரோலினுடையதில் மூன்றில் இரு பங்கேயாகும். பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு ஆல்கஹால் கலத்தல் 2025-இல் எட்டப்பட்ட போதிலும், அதில் பெரும்பகுதி கரும்பு, தானியங்களிலிருந்தே வந்தமைக்குக் காரணம் இதுவே.

வைக்கோல் பருமன் மிக்கது. தொலைவிலிருந்து கொணர்ந்தால் வண்டிக்கூலியே விலையை விழுங்கிவிடும். பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கப்படும் வைக்கோலை ஆலைக்கு அனுப்புதல் காற்றுக்கும் நன்மை, உழவர்க்கும் வருவாய். தமிழ்நாட்டிலோ வைக்கோல் மாட்டுத் தீவனம். ஆதலின், ஊழியர்கள் உழவர்க்கு யோசனை கூறுமுன், அவ்வூரில் வைக்கோல் உண்மையில் மிஞ்சுகிறதா என்பதை முதலில் கணக்கிட்டறிதல் வேண்டும்.