ஒரே ஊசி, இரண்டு முகம்

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இரண்டு மாதம் இருந்தது. கன்னத்தில் பழைய பருத் தழும்பு தெரிகிறதே என்று அவளுக்கு ஒரே கவலை. ஆன்லைனில் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை வரவழைத்தாள். மூடியைத் திறந்தால், வாய் முழுக்க மயிரிழை போல ஊசிகள். உள்ளே சீரம் ஊற்றி, முகத்தில் முத்திரை குத்துவது போல் குத்தினால் ஊசி போட்ட துளை வழியே சீரம் இறங்குமாம். "பார்லர்ல ஆயிரக்கணக்குல கேக்கறாங்கம்மா" என்றாள். நான் தடுத்திருக்கணும். அதை விட்டுட்டு, மங்கு விழுந்த என் கன்னத்தையும் காட்டி, "எனக்கும் போடுடி" என்றேன்.

அலமாரியில் இருந்த வைட்டமின் சி சீரத்தைத்தான் ஊற்றினாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் முகமோ சிவந்து, தடிப்புத் தடிப்பாக எழும்பிவிட்டது. சந்தனம் அரைத்துப் போட்டேன். எரிச்சல்தான் கூடியது. பயந்துபோய் தோல் டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஊசி சிகிச்சையே தப்பில்லையாம். நுண்ணிய காயத்தை ஆற்ற உடம்பு கொலாஜனைச் சுரக்கும், அதில் தழும்பு குறையும். அமெரிக்காவில் 2018-ல் ஒரு பேனாக் கருவிக்கு அனுமதி கொடுத்ததும் பருத் தழும்புக்குத்தான், சீரத்தை உள்ளே செலுத்த அல்ல. மேலே தடவுகிற சீரத்தில் வாசனைப் பொருள், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் எல்லாம் உண்டு. மேல்தோல் அவற்றைத் தடுத்து நிறுத்தும். நாமே துளை போட்டு உள்ளே விட்டால்? இப்படிச் செய்துகொண்ட மூன்று பெண்களுக்கு முகத்தில் கட்டி கட்டியாக வந்ததை 2014-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்களாம். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்குக் காயம் ஆறினாலும் கறுப்புத் திட்டு தங்கும் என்றார்.

பிறகு கேட்டார் பாருங்கள், "ரெண்டு பேருக்கும் ஒரே ஊசியா?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. என்று இருவருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். பெற்ற மகளோடு அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தது இருக்கிறதே, எந்தத் தாய்க்கும் வேண்டாம். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

கல்யாணத்தில் மேக்கப் போட்டு மறைத்தோம். சம்பந்தி வீட்டில் 'அலர்ஜி' என்று சமாளித்தேன். திட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை. அந்தக் குப்பியைத் தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். குப்பையில் எறிந்தால், எடுக்க வருகிற பெண்ணின் கையில் குத்திவிடுமே! அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அங்கேயே ஊசி போடும் பெட்டியில் போடணும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.