கிணற்றடியில் மூடிய உருளை

உத்திரமேரூர் வட்டாரக் குவாரிகளில் உடைபடும் கருங்கல்லின் இனத்தைச் சேர்ந்த பழம்பாறைதான், தெற்கே காவிரிப் படுகையின் வண்டலுக்கு அடியிலும் தளமாகக் கிடக்கிறது. சீர்காழி பக்கத்து மாதானத்தில் அந்தத் தளப்பாறையின் வெடிப்புகளிலேயே எண்ணெய் இருப்பதை ஓ.என்.ஜி.சி. கண்டது. அடுத்து எழுவது ‘எவ்வளவு?’ என்ற கேள்வி. கிணறு வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் டன் கணக்கை வைத்தே வாதாடுகிறார்கள். பாறையின் பரப்பு, தடிமன், இடுக்குகளின் அளவு ஆகியவற்றோடு அந்தக் கணக்கில் இன்னோர் எண்ணும் சேருகிறது: மேலே வந்ததும் எண்ணெய் எவ்வளவு சுருங்கும் என்பது. அதை நேரில் அளக்க, கிணற்றின் அடியிலிருந்து எடுத்த சில நூறு மில்லிலிட்டர் திரவம் போதும். செலவைக் காட்டிச் சிறிய வயல்களில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவது சிக்கனம் ஆகாது என்பது என் கருத்து.

இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு. வெப்பம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல். அந்த நிலையில் எரிவாயு எண்ணெயிலேயே கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து வாயு பிரியும், எண்ணெய் சுருங்கும். நிலத்தடியில் 15 லட்சம் லிட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுருக்க விகிதம் (நிலத்தடி அளவைத் தொட்டிக்கு வரும் அளவால் வகுத்தது) 1.25 என்றால் தொட்டிக்கு வருவது 12 லட்சம், 1.5 என்றால் 10 லட்சம்தான். பாறை அதேதான், கணக்கில் மட்டும் இரண்டு லட்சம் லிட்டர் வித்தியாசம். அதனால்தான் கம்பியில் கட்டி இறக்கிய உருளையைக் கிணற்றடியிலேயே மூடி மேலே எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் அதற்குப் பழைய வெப்பத்தையும் அழுத்தத்தையும் திருப்பிக் கொடுத்து, பிரிந்த வாயு மறுபடி கரையும்வரை குலுக்குகிறார்கள். பிறகு அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் கன அளவைக் குறிக்கிறார்கள். முதல் குமிழி தோன்றும் அழுத்தம்தான் குமிழிப் புள்ளி. அதற்குக் கீழே பிரியும் வாயுவையும் எண்ணெயின் பிசுக்கையும் தனித்தனியே அளக்கிறார்கள். இப்படி எண்ணெய் தேங்கிய பாறைகளை ஆராய்வதற்கென்றே ஓ.என்.ஜி.சி. 1978-ல் அகமதாபாத்தில் ஒரு நிறுவனம் தொடங்கியது.

‘இத்தனை பாடு எதற்கு? சூத்திரம் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. 1947-ல் ஸ்டாண்டிங் என்ற பொறியாளர் வெளியிட்டது இன்றும் புழங்குகிறது. முதல் மதிப்பீட்டுக்கு அது போதும். ஆனால் அது கலிபோர்னியா எண்ணெய்களை அளந்து உருவாக்கியது. வேறு படுகையின் எண்ணெய்க்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை அந்த எண்ணெயை அளந்தால்தானே சொல்ல முடியும்? கணினி மாதிரிகளின் கதையும் இதுதான்: அளந்த எண்களைக் கொடுத்துச் சரிசெய்த பிறகே அவற்றை நம்பலாம்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. மேலே தனித்தனியாகப் பிடித்த எண்ணெயையும் வாயுவையும் அதே விகிதத்தில் கலந்தால் மலிவாக முடியுமே என்பது. முடியும்; உலகெங்கும் செய்கிறார்கள். கிணறு சீராக ஓடி, வாயுவின் அளவும் பிழையில்லாமல் பதிவாகியிருந்தால் நல்ல முடிவே கிடைக்கும். அளவு தவறினால் கலவையும் தவறும். கிணற்றைச் சுற்றிய அழுத்தம் குமிழிப் புள்ளிக்குக் கீழே போய்விட்டால் வாயு பாறைக்குள்ளேயே பிரிந்துவிடும். அப்புறம் எந்த முறையில் எடுத்தாலும் அது பழைய எண்ணெய் அல்ல. பெரிய வயலில் புதிதாக ஒரு கிணறு தோண்டும்போது இன்னொரு வாய்ப்பு வரக்கூடும். ஓரிரு கிணறுகளோடு முடிகிற வயலுக்கு அந்த வாய்ப்பு ஏது? சிறிய வயலுக்குத்தான் தொடக்கத்திலேயே எடுத்த மாதிரி அதிகம் தேவை.

கண்டுபிடித்தும் கிடப்பில் போட்ட சிறு வயல்களை 2016 முதல் மத்திய அரசு ஏலம் விடுகிறது. அவற்றை எடுப்பவருக்கு என்றோ எடுத்த பழைய மாதிரிகளே துணை. இருப்பு இவ்வளவு என்று அடுத்த முறை யாராவது சொன்னால், சுருக்க விகிதம் அளந்ததா, சூத்திரத்தில் போட்டதா என்று கேளுங்கள்.