செஞ்சிச் சீமையில் சந்தையும் சங்கமும்

2025ஆம் ஆண்டு நமக்கு இருவகையில் குறிப்பிடத்தக்கதாக அமைந்தது. ஐக்கிய நாடுகள் சபை அவ்வாண்டைச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. 2012ஆம் ஆண்டிற்குப் பின் நம் இயக்கத்துக்கு இச்சிறப்புக் கிட்டியது இது இரண்டாம் முறையாகும். அதே ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியர் காலப் படையரண்கள் என்னும் தொகுதியில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று, நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை.

கோட்டைக்குப் பெருமை வந்தது, மகிழ்ச்சியே. ஆனால் கோட்டையின் நிழலில் வாழும் ஊருக்கு என்ன வரும்? நெல்லும் கடலையும் விளைவிப்போருக்கும், தறியில் அமர்ந்திருப்போருக்கும் இப்பெருமையில் பங்கு உண்டா? இவ்வினாவை மனத்திற்கொண்டு செஞ்சிச் சீமையின் கதையை நம் உறுப்பினர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம். சந்தை கூடும் சிற்றூர் ஒவ்வொன்றுக்கும் இவ்வினா பொருந்தும்.

மண்டகப்பட்டுக் குகை

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் ஆக்கியிருக்கிறார்கள். முகப்பின் இருபுறமும் வாயிற்காவலர் இருவர். உட்புறத்தில் மூன்று சிறு கருவறைகள். இதனை ஆக்குவித்தவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். விசித்திரசித்தன் என்பது அவனது விருதுப் பெயர்களுள் ஒன்று. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எவையுமின்றி நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் இக்கோயிலை அமைத்ததாக அவன் வடமொழிக் கல்வெட்டொன்று பொறித்து வைத்துள்ளான்.

அதற்கு முன் எழுந்த கோயில்கள் மரத்தாலும் செங்கல்லாலும் ஆனவை. ஆதலால் அவை அழிந்தொழிந்தன. மகேந்திரனின் குகையோ 1,400 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. எனினும் அதன் கருவறைகள் மூன்றும் இன்று வெறுமையாகவே உள்ளன. கல் தானே நிற்கும். ஊர் தானே நிற்காது. ஊர் நிலைக்க வேண்டுமாயின் ஒவ்வொரு தலைமுறையும் அதனை மீண்டும் மீண்டும் எடுத்துக் கட்டவேண்டும். செஞ்சியின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

படை போனது, சந்தை நின்றது

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த அரண் செஞ்சிக் கோட்டை. விஜயநகரப் பேரரசின் கீழும் பின்னரும் நாயக்கர்கள் இதனை ஆண்டார்கள். 1649இல் பீஜப்பூர்ச் சுல்தானின் படை கைப்பற்றியது. 1677இல் சிவாஜி கைக்கொண்டார். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டது. 1714இல் போர்க்களத்தில் மாண்ட தேசிங்குராஜனைத் தென்னாட்டுக் கதைப் பாடல்கள் இன்றும் மறக்கவில்லை. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தனர். அதன்பின் அதன் படைச் சிறப்புக் குன்றியது. பாசறைகள் காலியாயின. படையை நம்பிப் பிழைத்தோர் வேறிடம் நாடினர். 1921இல் தொல்பொருள் துறை கோட்டையைத் தேசியச் சின்னமாக ஏற்றுக் காத்து வருகிறது.

அரசும் படையும் போன பின்னும் செஞ்சி ஊராக நிலைத்ததற்குக் காரணம் யாது? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் பெருவழியும், சுற்றுப்புறச் சிற்றூர்களின் விளைச்சலும், வாரம் ஒருமுறை கூடும் சந்தையுமே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி செஞ்சிப் பேரூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 27,000. திண்டிவனம்–திருவண்ணாமலை இருப்புப்பாதைத் திட்டம் அனுமதி பெற்று ஆண்டுகள் பல கடந்தும் இவ்வூருக்கு இன்னும் ரயில் வரவில்லை. அப்படியிருந்தும் வெள்ளிக்கிழமைதோறும் ஊர் நிறைகிறது. விடியும் முன்பே ஆட்டுச் சந்தை கூடிவிடும். தீபாவளி, பொங்கல், பக்ரீத் போன்ற திருநாட்களுக்கு முந்திய வாரங்களில் வெளிமாவட்ட வியாபாரிகளும் வந்து குவிவார்கள். விற்பதும் வாங்குவதும் மட்டும் அங்கு நடப்பதில்லை. பெண் கேட்பதும், கடன் தவணை பேசுவதும், ஏரியில் நீர் எவ்வளவு என்று உசாவுவதும் அங்கேதான்.

ஆயினும், ‘சந்தைக்கு வந்தவர் வழிக்குத் துணையாவாரா?’ என்று நம் பெரியோர் கேட்டிருக்கிறார்கள். ஆயிரம் பேர் ஓரிடத்தில் கூடினும், ஒவ்வொருவரும் தனித்து விலைபேசித் தனித்து வீடு திரும்பினால், அவர்கள் வெறுங் கூட்டமே. அக்கூட்டத்தை வழித்துணையாக மாற்றும் ஏற்பாட்டிற்கே சங்கம் என்று பெயர்.

மணிலாவும் மூட்டைக் கணக்கும்

மணிலா என்று இப்பகுதியார் வழங்கும் நிலக்கடலைக்குப் பழைய தென்னாற்காடு மாவட்டம் பெயர் பெற்றது. இங்கு விளைந்த கடலை புதுவைத் துறைமுகத்தின் வழியாகப் பிரெஞ்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றதுண்டு. திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940இல் வெளிவந்த ‘டி.எம்.வி. 2’ ரகத்தை நாடெங்கும் விவசாயிகள் அறிவர். அப்பெயரில் உள்ள முதலெழுத்து திண்டிவனத்தைக் குறிப்பதே. பயிர் இத்துணைச் சிறப்புற்றிருந்தும் பயிரிட்டவர் தாழ்ந்திருந்தார். விதைக்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் பெற்று, அறுத்தவுடன் அவர் சொன்ன விலைக்கே அளந்துவிட்டு, மீண்டும் அவரிடமே கடன் கேட்க வேண்டிய நிலை.

1951–52ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்த அகில இந்திய கிராமக் கடன் அளவைக் குழுவின் அறிக்கை 1954இல் வெளிவந்தது. விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் தந்தது 3 சதவீத அளவே என்று அது கண்டது. கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று இணைக்காவிடில் விவசாயி விடுதலை பெற இயலாது என்பது அதன் முடிவு. எழுபது ஆண்டுகள் கழிந்தும் அம்முடிவின் உண்மை குன்றவில்லை.

சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்கள் விற்பனைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1936இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தோன்றியது. செஞ்சியிலும் இன்று அத்தகைய கூடம் இயங்குகிறது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். மூட்டைகளைக் குவியல் குவியலாக அடுக்கி எண்ணிட, வியாபாரிகள் பார்வையிட்டு விலையை எழுதி மூடித் தருவர். உயர்ந்த விலை எதுவோ அதுவே அறிவிக்கப்படும். எடையும் பணமும் பலர் முன்னிலையில் நடைபெறுகின்றன. விலை உவப்பில்லையெனில் விவசாயி மறுக்கலாம். சரக்கைக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற்று, நல்ல விலை வரும்வரை சில திங்கள் காத்திருக்கலாம்.

ராஜகிரியின் அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியங்கள் உள்ளன. ஆண்டுக்கணக்கில் நீளும் முற்றுகையைத் தாங்கும் பொருட்டு அக்காலத்து அரசர் அவற்றைக் கட்டினர். அறுவடை முடிந்த கையோடு விலை சரிவது ஏழை விவசாயிக்கு ஒவ்வோராண்டும் நேரும் முற்றுகை. கிடங்கும் பொருளீட்டுக் கடனுமே அவருடைய களஞ்சியம். அதைப் பயன்படுத்துவோர் தொகை பெருகவில்லையே என்பதுதான் நம் கவலை. வரத்து மிகும் நாட்களில் மூட்டைகள் வெட்டவெளியில் கிடப்பதும், எடைபோடத் தாமதமாவதும், திடீர் மழைக்கு நெல் நனைவதும் பல ஊர்க் கூடங்களில் கேட்கும் குறைகள். இக்குறைகளைத் தனியொருவர் முறையிட்டால் குரல் எடுபடாது. ஓர் ஊரார் சங்கத்தின் வழியே முறையிட்டால் கேட்டே ஆகவேண்டும்.

ஏரியும் கால்வாயும்

கூடிச் செய்யும் தொழில் இச்சீமைக்குப் புதிதன்று. இது ஏரிப் பாசன நாடு. வரத்துக் கால்வாயைத் தூர்வாராமல் விட்டால் அடுத்த ஆண்டே மறுகால் போகாது; கரையை ஒருவர் மட்டும் காக்க முடியாது. உத்தரமேரூரில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. நம்முடைய நிர்வாகக் குழுக்களின் மூதாதை அவ்வாரியம்.

செஞ்சிப் பகுதியில் நந்தன் கால்வாயின் கதையை அறியாதார் அரியர். திருவண்ணாமலை மாவட்டம் கீரனூரில் துரிஞ்சலாற்று அணைக்கட்டிலிருந்து புறப்பட்டு, வழியில் உள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டு, பனமலை ஏரியில் முடியும் கால்வாய் அது. 36 ஏரிகள் அதனை நம்பியுள்ளன. தூர்ந்து கிடந்த கால்வாயைச் சீரமைக்குமாறு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வேண்டி வந்தனர். தந்தை எழுதிய மனுவை மகன் புதுப்பித்தார். அண்மை ஆண்டுகளில் சீரமைப்புப் பணிகள் நடைபெற்றமைக்கு அவ்விடாமுயற்சி ஒரு முதற்காரணம். கடைமடையில் இருப்பவருக்கும் தலைமடையில் இருப்பவருக்கும் உள்ள வழக்கைத் தீர்த்துவைப்பதற்கும் சேர்ந்து அமரும் ஓர் இடம் வேண்டும். அவ்விடம் இல்லாத ஊரில் கால்வாய் மீண்டும் தூர்ந்துவிடும்.

தறியின் நிலை

நெசவாளர் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோர் தொகை 1995ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 65 லட்சத்திற்கும் மேல். 2009–10இல் அது 43 லட்சமாயிற்று. 2019–20இல் 35 லட்சம். அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். நம் மாவட்டத்தில் சிறுவந்தாடு பட்டுக்குப் பெயர் பெற்றது. அங்கு நெய்த சேலையின் அருமை வாங்குவோர் பலருக்குத் தெரிவதில்லை. வேறு ஊரின் பெயரைக் கேட்டே பட்டு வாங்கிப் பழகிவிட்டனர்.

நெசவாளர் சங்கத்தை விட்டு விலகுவதேன் என்று ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் கேட்கிறோம். பாவும் ஊடையும் உரிய காலத்தில் கிடைப்பதில்லை, கூலி தள்ளிப் போகிறது, சேலைகள் தேங்கிக் கிடக்கின்றன என்பவையே விடைகள். இவற்றைப் பொய்யென்று தள்ள முடியாது. உரிய நாளில் கூலி தராத சங்கத்தை நெசவாளர் நம்பவேண்டுமென்று கேட்பது நியாயமாகாது. அதேபோல, நல்ல சேலையைத் தனி வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, மட்டமானதைச் சங்கத்துக்குக் கொண்டுவரும் உறுப்பினர், தேக்கத்தைப் பற்றிக் குறை கூறுவதும் நியாயமாகாது. இரண்டும் சேர்ந்தே சங்கத்தைக் கெடுக்கின்றன.

சங்கத்தின் நோய் கணக்குப் புத்தகத்தில் தெரிவதற்கு முன் தீர்மானப் புத்தகத்தில் தெரிந்துவிடும். பேரவைக் கூட்டத்துக்கு வந்து கையொப்பமிட்டோர் தொகை ஆண்டுக்காண்டு குறையுமாயின், நட்டம் பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்பதே பொருள்.

நலிந்த ஊர்கள் எழுந்த விதம்

இங்கிலாந்து நாட்டு ராச்டேல் ஓர் ஆலை நகரம். கூலி குறைந்து, கலப்படப் பண்டங்களை அதிக விலைக்கு வாங்கி வருந்திய 28 தொழிலாளர், அவர்களுள் நெசவாளரும் பலர், சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி ஆகியவையே சரக்கு. அளவு குறையாமை, கலப்படமின்மை, ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ற இலாபப் பங்கு என்பன அவர்கள் கைக்கொண்ட நெறிகள். உலகக் கூட்டுறவு இயக்கம் அந்நெறிகளின் மீதே எழுந்தது.

தெலங்கானா மாநிலத்தின் போச்சம்பள்ளியைப் பாருங்கள். 1951இல் வினோபாவின் பூமிதான இயக்கம் பிறந்த ஊர் அது. நூலுக்கு முன்பே சாயமிட்டு நெய்யும் அவ்வூர்ச் சேலை புவிசார் குறியீடு பெற்றது. 2021இல் உலகச் சுற்றுலா அமைப்பு அவ்வூரைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாகத் தேர்ந்தது. அங்கு வருவோர் தறியையே காண வருகின்றனர். நெய்தவரிடமே வாங்கிச் செல்கின்றனர்.

செஞ்சிக்கு வருவோர் அவ்வாறில்லை. காலையில் பேருந்தில் வந்து, ராஜகிரி ஏறி, கல்யாண மகாலைக் கண்டு, மாலையில் திரும்பிவிடுகின்றனர். விளைவித்தவரையோ நெய்தவரையோ அவர்கள் சந்திப்பதே இல்லை. உலகச் சிறப்பால் வருவோர் பெருகும்போது கடை வாடகையும் மனை விலையும் உயரும் என்பது திண்ணம். அப்போது முந்திக்கொள்பவர் யார் என்பதே கேள்வி. வெளியிலிருந்து முதலோடு வருவோர் முந்தினால், செஞ்சியின் மக்கள் தங்கள் ஊரிலேயே கூலிக்கு நிற்க நேரும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, விவசாய உறுப்பினர் தம் விளைச்சலை உலர்த்தித் தரம் பிரித்து விற்பனைக்கூடத்துக்குக் கொணரவேண்டும். தொடக்க வேளாண்மைச் சங்கத்தில் பெற்ற பயிர்க் கடனும் பொருளீட்டுக் கடனும் ஒரு கையின் இரு விரல்கள் போல இயங்கவேண்டும்.

இரண்டாவதாக, கடலை எண்ணெய், வறுகடலை, பட்டு, கைத்தறித் துணி ஆகியவற்றைச் சங்கங்கள் சேர்ந்து தம் முத்திரையோடு விற்க, கோட்டைக்கு வருவோர் கடந்து செல்லும் வழியில் ஒரு பொது விற்பனை நிலையம் வேண்டும். நெய்த ஊரின் பெயர் சேலையில் இருக்கவேண்டும். வாங்குவோர் பார்க்க ஒரு தறியும் அங்கே ஓடலாம். அரண் சூழ்ந்த எல்லைக்குள் தொல்பொருள் துறையின் விதிகள் உண்டு. ஆதலால் இடத்தைச் சந்தைப் பக்கம் தேர்வதே நன்று. கோட்டை காண வந்தவர் ஊரையும் கண்டு செல்வர்.

மூன்றாவதாக, இளைஞரையும் பெண்களையும் உறுப்பினராகச் சேர்க்கவேண்டும். தறியில் பெண்ணின் கை, உறுப்பினர் பதிவேட்டில் ஆணின் பெயர் என்ற நிலை நீடிப்பது நீதியன்று.

இவை யாவற்றுக்கும் முதற்படி எளியது. அடுத்த பேரவைக் கூட்டத்துக்கான அறிவிப்பு வரும்போது, வேலையைச் சற்று ஒத்திவைத்து, அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐயமிருந்தால் எழுந்து வினவுங்கள். கையொப்பமிட்டுச் செல்லுங்கள். செஞ்சியின் புதிய பெருமையில் நம் பங்கு எவ்வளவு என்பது அக்கூட்டத்தில்தான் முடிவாகும்.